சூளையும் சுங்கமும்: ஸ்டோக்-ஆன்-டிரென்ட் மட்பாண்டத் தொழிலின் வரலாறு

இங்கிலாந்தின் நடுப்பகுதியில், ஸ்டாஃபோர்ட்ஷயரின் வடக்கு மூலையில் அமைந்திருக்கிறது ஸ்டோக்-ஆன்-டிரென்ட். டன்ஸ்டல், பர்ஸ்லெம், ஹான்லி, ஸ்டோக், ஃபென்டன், லாங்டன் என்ற ஆறு ஊர்கள் 1910இல் ஒன்றாக இணைந்து உருவான நகரம் அது. 1925இல் மாநகரம் என்ற தகுதி பெற்றது. ஆறு ஊர்களுக்கும் தொழில் ஒன்றுதான்: மண்ணைச் சுட்டு விற்பது. தட்டு, கோப்பை, தேநீர்க் குடுவை, தரை ஓடு, கழிவறைப் பீங்கான், மின்கம்பியைத் தாங்கும் பீங்கான் எனச் சுடக்கூடிய எல்லாம் அங்கே செய்யப்பட்டன. அந்த வட்டாரத்துக்கே 'பாட்டரீஸ்' என்று பெயர் நிலைத்துவிட்டது. இந்தத் தொழிலின் ஏற்ற இறக்கத்தைக் கைத்திறனை மட்டும் வைத்து விளக்க முடியாது. எந்தத் துறைமுகத்தில் எவ்வளவு தீர்வை, எந்தச் சரக்கை எந்த நாட்டுச் சரக்காக ஏற்பது என்ற விதிகளும் 250 ஆண்டுகளாக அதன் தலைவிதியை எழுதி வந்திருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் விலகிய பிறகு 2021 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த வணிக விதிகள் அந்த வரிசையில் அண்மையில் சேர்ந்தவை.

தொழில் அங்கே வேரூன்றியதற்குக் காரணம் நிலக்கரி. செங்களிமண்ணும் நிலக்கரியும் அந்த மண்ணில் அடுத்தடுத்துக் கிடைத்தன. பிற்காலத்தில் வெள்ளைப் பாத்திரங்களுக்கு மவுசு வந்தபோது அதற்கான வெண்மண் உள்ளூரில் இல்லை. டெவன், டார்செட் பகுதிகளிலிருந்து ஒரு வகைக் களிமண்ணும், கார்ன்வாலிலிருந்து சீனக்களிமண்ணும் தருவிக்கப்பட்டன. தொழில் மண் இருந்த இடத்துக்கு நகர்ந்துவிடவில்லை. சூளை தின்ற நிலக்கரியின் எடை மண்ணின் எடையைப்போலப் பல மடங்கு. ஆகவே நிலக்கரி இருந்த இடத்துக்கு மண் வந்து சேர்வதுதான் கட்டுப்படியானது. கடலிலிருந்து விலகி உள்நாட்டில் கிடந்த ஒரு குயவர் வட்டாரம், தொலைவிலிருந்து மண்ணை வரவழைத்து, சுட்ட பாத்திரத்தை மீண்டும் கடல் தாண்டி அனுப்பும் வினோதமான நிலை அப்படி உருவானது. போக்குவரத்தும் சுங்கமும் அந்த ஊருக்கு உயிர்நாடி ஆனதும் அதனால்தான்.

1760களின் தொடக்கத்தில் நல்ல சாலை கேட்டு பர்ஸ்லெம் குயவர்கள் நாடாளுமன்றத்துக்கு ஒரு மனு அனுப்பினார்கள். ஊரிலும் சுற்றுப்புறத்திலும் ஏறத்தாழ 150 மட்பாண்டத் தொழிலகங்கள் இருப்பதாகவும், அவற்றை நம்பி 7,000 பேர் அளவுக்குப் பிழைப்பதாகவும், சரக்கு அமெரிக்கக் குடியேற்றங்களுக்கும் மேற்கிந்தியத் தீவுகளுக்கும் ஐரோப்பியத் துறைமுகங்களுக்கும் போவதாகவும் அந்த மனு கூறியது. ஆலைகளும் நீராவி இயந்திரங்களும் வருவதற்கு முன்பே இது ஏற்றுமதித் தொழிலாக இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. அக்காலத்தில் பாத்திரங்கள் கூடைகளில் அடுக்கப்பட்டுக் குதிரை முதுகில், குண்டும் குழியுமான பாதைகளில் போயின. பாதி வழியில் உடைந்தவை எத்தனையோ. டிரென்ட் ஆற்றையும் மெர்சி ஆற்றையும் இணைக்கும் கால்வாய்க்கு 1766இல் சட்டம் நிறைவேறியது. ஜேம்ஸ் பிரிண்ட்லி பொறியாளர். முதல் மண்ணை வெட்டி எடுத்தவர் ஜோசையா வெட்ஜ்வுட். கால்வாய் 1777இல் முடிந்தது. லிவர்பூல் துறைமுகத்துக்கும் ஹல் துறைமுகத்துக்கும் படகிலேயே சரக்கு போகலாம் என்றானது.

வெட்ஜ்வுட் 1730இல் பர்ஸ்லெமில் குயவர் குடும்பத்தில் பிறந்தவர். பாலேட்டு நிறத்தில் மெல்லிய மெருகுடன் அவர் செய்த பாத்திரங்களை 1765இல் சார்லட் அரசி வாங்கியதும், அவற்றுக்கு 'அரசியின் பாத்திரம்' என்று பெயர் வைத்து விற்றார். 1769இல் எட்ரூரியா என்ற இடத்தில் கால்வாய்க் கரையிலேயே புதிய தொழிலகம் திறந்தார். அங்கே ஒருவரே மண்ணைப் பிசைந்து, வனைந்து, தீட்டும் பழைய முறை போய், ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனி ஆள் என்ற முறை வந்தது. ரஷ்யப் பேரரசி கேத்தரினுக்காக 1774இல் முடித்துக் கொடுத்த விருந்துத் தொகுதியில் 952 துண்டுகள் இருந்தன. ஆனால் வணிக வரலாற்றின் கண்ணுக்கு அதைவிட முக்கியமானது 1770களின் தொடக்கத்தில் அவர் செய்த ஒரு துணிச்சலான காரியம். ஜெர்மானியப் பிரபுக்களுக்கு, அவர்கள் கேட்காமலேயே, தலா 20 பவுண்டு மதிப்புள்ள ஆயிரம் பொதிகளை விலைப்பட்டியலுடன் அனுப்பிவைத்தார். விரும்பினால் பணம் கொடுக்கலாம், வேண்டாமென்றால் திருப்பி அனுப்பலாம். பெரும்பாலோர் வைத்துக்கொண்டார்கள். இருபது ஆண்டுகளுக்குள் ஐரோப்பாவின் சத்திரங்கள் எங்கும் ஆங்கிலப் பாத்திரம் புழங்கியது. டெல்ஃப்ட் நகரத்திலும் பிரான்சிலும் செய்யப்பட்ட வெள்ளீய மெருகுப் பாத்திரங்களால் அதனோடு போட்டி போட முடியவில்லை.

வழியில் நின்ற தடை சுங்கம்தான். பிரான்ஸ் ஆங்கிலச் சரக்கைத் தடையாலும் கடும் தீர்வையாலும் தடுத்தது. பிரிட்டனும் அப்படியே. 1785இல் பிரதமர் வில்லியம் பிட் முதலில் அயர்லாந்துடன் தடையற்ற வணிகத்துக்குத் திட்டம் கொண்டுவந்தார். கூலி குறைந்த அயர்லாந்து தங்களை வீழ்த்திவிடும் என்று அஞ்சிய ஆங்கில உற்பத்தியாளர்கள் ஒரு பொதுச் சங்கத்தை அமைத்து எதிர்த்தார்கள். அதன் முன்னணியில் நின்றவர் வெட்ஜ்வுட். அரசின் வணிகக் குழு முன்பு சாட்சியமும் அளித்தார். எதிர்ப்பினால் திட்டம் திருத்தப்பட்டது, திருத்தியதை டப்ளினிலிருந்த ஐரிஷ் நாடாளுமன்றம் ஏற்கவில்லை, எல்லாம் கைவிடப்பட்டது. அடுத்த ஆண்டு பிரான்சுடன் உடன்பாடு செய்ய பிரிட்டிஷ் தூதர் வில்லியம் ஈடன் பாரிசுக்குப் போனபோது அதே வெட்ஜ்வுட் அந்த முயற்சியை முழு மனதோடு ஆதரித்தார். 1786 செப்டம்பர் 26 அன்று கையெழுத்தான அந்த ஒப்பந்தம், பீங்கானுக்கும் மட்பாண்டத்துக்கும் இரு பக்கமும் மதிப்பில் 12 விழுக்காடு தீர்வை என்று வரையறுத்தது. பருத்தி, இரும்பு, மட்பாண்டம் போன்ற புதிய தொழில்கள் அதை வரவேற்றன. பாதுகாப்பில் பழகிய பழைய தொழில்கள் வெறுத்தன. உற்பத்தியாளர் சங்கமே 1787இல் இதன் பேரில் உடைந்தது.

வெட்ஜ்வுட்டின் இந்த இரண்டு நிலைகளிலும் கொள்கைத் தூய்மையைத் தேடுவது வீண். தன் தொழிலுக்கு எது நல்லது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அதை அமைச்சர்களிடம் நேரில் சொல்லவும் அவருக்கு வழி இருந்தது. எந்தப் பொருளுக்கு எவ்வளவு தீர்வை என்பது முடிவாகும் முன்பே குயவர்களின் கருத்து அரசின் காதுக்குப் போய்ச் சேர்ந்தது. பிரெஞ்சுப் பக்கத்தில் நடந்தது இதற்கு நேர்மாறு. 1789இல் பிரான்சின் ஊர்கள் எழுதி அனுப்பிய குறைப்பட்டியல்களில் இந்த ஒப்பந்தத்தால் உள்ளூர்த் தொழில் நசிந்ததாகப் பல புகார்கள் இருந்தன. வணிக ஒப்பந்தத்தின் சுமை அதை எழுதிய தலைநகரத்தில் விழுவதில்லை, தொலைவிலுள்ள தொழில் ஊர்களில்தான் விழுகிறது என்பதை அந்தப் புகார்கள் காட்டின. 1793இல் போர் வெடித்ததும் ஒப்பந்தம் செல்லாக்காசானது.

தடையற்ற வணிகம் ஒரு பாத்திரத்தைப் பரப்பியது என்றால், தடையே இன்னொரு பாத்திரத்தை வளர்த்தது. சீனப் பீங்கானை மொத்தமாகக் கொண்டுவருவதைக் கிழக்கிந்தியக் கம்பெனி 1791இல் நிறுத்திக்கொண்டது. மீறி வந்த சீனப் பீங்கான் மீது பிரிட்டன் விதித்த தீர்வை அந்தப் பத்தாண்டின் முடிவில் 100 விழுக்காட்டையும் தாண்டியது. காலியான அந்த இடத்தில் ஸ்டோக்கின் ஸ்போட் குடும்பத்தார் நுழைந்தார்கள். மாட்டெலும்பைச் சுட்ட சாம்பல் ஏறக்குறைய பாதி, சீனக்களிமண் கால் பங்கு, கார்ன்வால் கல் கால் பங்கு என்ற கலவையில் பிறந்தது போன் சைனா. மூத்த ஸ்போட் 1784 வாக்கில் நிலைப்படுத்திய நீல அச்சு முறையும் சீனாவைப் பார்த்துச் செய்ததுதான். செப்புத் தகட்டில் செதுக்கிய படத்தை மெல்லிய தாளில் எடுத்து, சுட்ட பாத்திரத்தின் மேல் ஒட்டி, மேலே மெருகு பூசிச் சுடுவார்கள். சீனத் தோணியும் பாலமும் வில்லோ மரமும் கொண்ட 'வில்லோ' வடிவத் தட்டு உலகெங்கும் ஆங்கில வீடுகளின் அடையாளமானது அப்படித்தான். சீனப் போட்டி என்ற சொல் ஸ்டோக்கில் இருபத்தோராம் நூற்றாண்டில் புதிதாகக் கேட்கப்பட்டதல்ல.

1806இல் நெப்போலியன் ஐரோப்பியத் துறைமுகங்களை ஆங்கிலச் சரக்குக்கு மூடினார். 1807இல் அமெரிக்கா தானே வணிகத் தடை போட்டுக்கொண்டது, 1812இல் போரும் வந்தது. சண்டைகள் ஓய்ந்த பின் அமெரிக்காவே ஸ்டாஃபோர்ட்ஷயரின் மிகப்பெரிய வாடிக்கையாளர் ஆனது. கூடவே ஸ்டாஃபோர்ட்ஷயர்த் தொழிலாளர்களும் கப்பலேறி, நியூ ஜெர்சியின் டிரென்டனிலும் ஒஹாயோவின் ஈஸ்ட் லிவர்பூலிலும் சூளை எழுப்பினார்கள். அவர்களுக்குப் பாதுகாப்பாக அமெரிக்கத் தீர்வைச் சுவர் உயர்ந்துகொண்டே போனது. 1890ஆம் ஆண்டின் மெக்கின்லி தீர்வைச் சட்டம் வரியை ஏற்றியதோடு நிற்காமல், இறக்குமதிப் பொருள் ஒவ்வொன்றிலும் அது செய்யப்பட்ட நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்றும் 1891 முதல் கட்டாயமாக்கியது. தட்டின் அடியில் 'இங்கிலாந்து' என்ற பெயர் பரவலாக வரத் தொடங்கியது அதன் பிறகுதான். அமெரிக்கச் சுங்கக்காரருக்காகப் பொறிக்கப்பட்ட அந்தச் சொல் நாளடைவில் ஸ்டோக்கின் பெருமையானது. சாப்பிட உட்கார்ந்ததும் தட்டைத் திருப்பி அடியைப் பார்ப்பது இன்றும் அந்த ஊர்க்காரர்களின் வழக்கம். பழம்பொருள் வாங்குவோர் தட்டின் வயதைக் கணிப்பதற்கும் அந்தப் பெயரே முதல் தடயம்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த வானத்தை மறைத்து நின்றவை குப்பி வடிவச் செங்கல் சூளைகள். உச்ச காலத்தில் அவை ஏறத்தாழ 2,000 இருந்தன. ஒருமுறை சுடுவதற்குப் பத்து டன்னுக்கும் மேல் நிலக்கரி எரிந்தது. ஊர் முழுக்கக் கரும்புகை. மெருகுப் பூச்சிலிருந்த ஈயம், பாத்திரங்களை மெருகுத் தொட்டியில் முக்கியெடுத்த வேலையாட்களின் உடலைக் கெடுத்தது, சிலிக்கா தூள் நுரையீரலை அரித்தது. தொழிலாளர்களில் பெண்கள் பெரும் பங்கினர். படம் ஒட்டுவதும் தீட்டுவதும் அவர்கள் கையில் இருந்தன. ஆறு ஊர்களின் அன்றாடத்தை ஆர்னால்டு பென்னட் தன் நாவல்களில் எழுதினார். இரண்டாம் உலகப்போரின்போது அந்நியச் செலாவணி தேவைப்பட்ட அரசு, 1942 முதல் உள்நாட்டுக்கு வெறும் வெள்ளைப் பாத்திரம், பூவும் தங்க வரியும் ஏற்றுமதிக்கு மட்டும் என்று உத்தரவிட்டது. போர் முடிந்தும் 1952 வரை அந்தத் தடை நீடித்தது. தான் தீட்டிய தட்டில் தான் சாப்பிட முடியாத அந்தப் பத்தாண்டுகளில் தொழில் மட்டும் செழித்தது. 1940களின் இறுதியில் 70,000க்கும் மேற்பட்டோர் அதில் வேலை செய்தார்கள். 1956இன் தூய காற்றுச் சட்டம் நிலக்கரிச் சூளைக்கு முடிவு கட்டியது. எரிவாயுச் சூளையும் மின்சூளையும் வந்தன. 47 குப்பிச் சூளைகள் மட்டும் பாதுகாக்கப்பட்ட கட்டடங்களாக இன்று நிற்கின்றன.

1973 ஜனவரி 1 அன்று பிரிட்டன் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் சேர்ந்தது. இருபது ஆண்டு கழித்து, 1993 ஜனவரி 1 அன்று, ஒற்றைச் சந்தை உருவானது. உறுப்பு நாடுகளுக்கு இடையே சுங்கப் பத்திரமே இல்லாமல் போனது. ஸ்டோக்கிலிருந்து பிரான்சின் லியோனுக்கு ஒரு பெட்டி தட்டு அனுப்புவதும் இங்கிலாந்தின் லீட்ஸுக்கு அனுப்புவதும் காகித அளவில் ஒன்றாகின. இந்த வசதியைச் சிறு தொழிலகங்கள் வசதி என்று உணர்ந்ததே இல்லை. அதற்கென ஆளோ செலவோ தேவைப்படாததால் அது கண்ணில் படவில்லை.

கண்ணில் பட்டது வேறு. சீனா 2001இல் உலக வணிக அமைப்பில் சேர்ந்தது, சீனப் பாத்திரங்கள் மீது ஐரோப்பா வைத்திருந்த அளவுக் கட்டுப்பாடு 2005இன் தொடக்கத்தில் நீங்கியது. பெரிய பெயர்கள் ஒவ்வொன்றாக உற்பத்தியை ஆசியாவுக்கு மாற்றின. ராயல் டோல்டனின் பர்ஸ்லெம் தொழிலகம் 2005இல் மூடப்பட்டது. ஸ்போட் 2008 நவம்பரில் நொடித்தது, அடுத்த ஆண்டு போர்ட்மேரியன் நிறுவனம் அந்தப் பெயரை வாங்கிக்கொண்டது. 2009 ஜனவரியில் வாட்டர்ஃபோர்டு வெட்ஜ்வுட் நிறுவனமும் நொடித்தது. 2015இல் அது ஃபின்லாந்தின் ஃபிஸ்கார்ஸ் கைக்குப் போனது. வேலையில் இருந்தவர் எண்ணிக்கை பத்தாயிரத்துக்கும் கீழே இறங்கியது. ஒரு ஊரின் ஒரே தொழில் இரண்டு தலைமுறைக்குள் இப்படிக் கரைந்ததை நேரில் கண்ட மக்களுக்கு, பிரஸ்ஸல்ஸிலிருந்து இயங்கும் ஐரோப்பிய ஒன்றியம் தங்களைக் காப்பாற்றியது என்று யார் சொன்னாலும் நம்பிக்கை வராது.

உண்மையில் பிரஸ்ஸல்ஸ் ஒரு கவசம் கொடுத்திருந்தது. அடக்க விலைக்கும் கீழே சரக்கைக் கொட்டுவதைத் தடுக்கும் பொருள்குவிப்புத் தடுப்பு வரியை ஐரோப்பிய ஒன்றியம் சீன ஓடுகள் மீது 2011இலும், சீன மேசைப் பாத்திரங்கள் மீது 2013 மே மாதத்திலும் விதித்தது. பாத்திரங்களுக்கு அது நிறுவனத்தைப் பொறுத்து 13.1 முதல் 36.1 விழுக்காடு. எஞ்சிய ஸ்டோக் தொழிலகங்கள் மீண்டும் கொஞ்சம் மூச்சு விட்டன. 1985இல் தொடங்கப்பட்ட எம்மா பிரிட்ஜ்வாட்டர், உணவகங்களுக்குப் பாத்திரம் செய்யும் ஸ்டீலைட், 1795இலிருந்து நடந்துவரும் சர்ச்சில் போன்றவை வளர்ந்தன. மிடில்போர்ட் தொழிலகம் சீரமைக்கப்பட்டு, தாளில் எடுத்து ஒட்டும் பழைய அச்சு முறை அங்கே பர்லி பாத்திரங்களில் இன்னும் நடக்கிறது. ஆனால் 2016 ஜூன் வாக்கெடுப்பில் ஸ்டோக்கில் 69.4 விழுக்காட்டினர் விலகலுக்கே வாக்களித்தார்கள். 'பிரெக்ஸிட் தலைநகரம்' என்ற பட்டமும் ஊருக்கு வந்து சேர்ந்தது. அந்த வாக்கை அறியாமை என்று ஒதுக்குவது நியாயமல்ல. பட்டியலிட்ட மூடல்கள் எல்லாம் ஒற்றைச் சந்தைக்குள் இருந்தபோதே நடந்தவை.

விலகல் 2020 ஜனவரி 31 அன்று நடந்தது. அந்த ஆண்டின் இறுதிவரை பழைய விதிகளே இடைக்காலமாக நீடித்தன. புதிய வணிக, ஒத்துழைப்பு ஒப்பந்தம் டிசம்பர் 24 அன்று உடன்பாடாகி, 30 அன்று கையெழுத்தாகி, ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. ஆயிரம் பக்கங்களுக்கு மேற்பட்ட ஒப்பந்தத்தைப் படித்துப் புரிந்துகொள்ள உற்பத்தியாளர்களுக்குக் கிடைத்தது கிறிஸ்துமஸ் விடுமுறை உள்ளிட்ட ஒரு வாரம். 1786இல் ஈடன் பாரிசில் பேசிக்கொண்டிருந்தபோது குயவர்கள் கருத்துச் சொன்னார்கள். 2020இல் முடிவு என்ன என்பதையே அவர்கள் செய்தியில்தான் பார்த்தார்கள்.

ஒப்பந்தத்தின் தலைப்புச் செய்தி, தீர்வை இல்லை, அளவுக் கட்டுப்பாடு இல்லை என்பது. அந்தச் சலுகை பிரிட்டனில் 'பிறந்த' சரக்குக்கு மட்டுமே. எது பிறந்த சரக்கு என்பதைப் பொருள்வாரியாக வரையறுப்பவை மூலநாட்டு விதிகள். சுட்ட மண்பொருள்களுக்கான விதி, முடிந்த பொருள் எந்தச் சுங்கத் தலைப்பில் வருகிறதோ அதே தலைப்பில் வரும் வெளிநாட்டுப் பொருளைக் கொண்டு அதைச் செய்திருக்கக் கூடாது என்கிறது. டெவன் களிமண்ணையும் கார்ன்வால் சீனக்களிமண்ணையும் கொண்டு ஸ்டோக்கில் வனைந்து சுட்ட தட்டுக்கு இதனால் சிக்கலே இல்லை. களிமண் வேறு தலைப்பு, தட்டு வேறு தலைப்பு. ஆனால் சீனாவிலிருந்தோ வேறு நாட்டிலிருந்தோ வெறும் வெள்ளைக் கோப்பையை வாங்கி, ஸ்டோக்கில் படம் ஒட்டிச் சூளையில் வைத்து எடுத்து விற்கும் தொழிலகங்கள் பல உண்டு. வெள்ளைக் கோப்பையும் படம் போட்ட கோப்பையும் ஒரே தலைப்பு. எனவே அது பிரிட்டனின் சரக்கு ஆகாது. பீங்கான் மேசைப் பாத்திரத்துக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுத் தீர்வை 12 விழுக்காடு, 1786இல் ஈடன் எழுதிய அதே எண். மூலநாடு சீனா என்றால் அதற்கு மேல் பொருள்குவிப்புத் தடுப்பு வரியும் சேரும்.

இதே விதி இன்னொரு பழக்கத்தையும் முறித்தது. ஆசியாவில் செய்த சரக்கையும் உள்ளூரில் செய்த சரக்கையும் ஸ்டோக் கிடங்கில் ஒன்றாகச் சேர்த்து, ஐரோப்பியக் கடைகளுக்கு ஒரே பெட்டியில் அனுப்புவது பெரிய பெயர்களின் வழக்கம். இப்போது ஆசியச் சரக்கு பிரிட்டனுக்குள் வரும்போது ஒரு தீர்வை, அங்கிருந்து ஐரோப்பாவுக்குள் போகும்போது இன்னொரு தீர்வை. நெதர்லாந்து போன்ற இடங்களில் தனிக் கிடங்கு வைத்து ஆசியச் சரக்கை நேராக அங்கே இறக்குவது ஒரு வழி. வசதியுள்ளவர்கள் அதைச் செய்தார்கள். கூடவே கிடங்கு வேலையும் ஸ்டோக்கிலிருந்து போயிற்று.

சிறியவர்களின் பாடு வேறு வகை. பத்துப் பேர் வேலை செய்யும் தொழிலகம் ஒன்று பாரிசிலுள்ள பரிசுப்பொருள் கடைக்கு இரண்டு பெட்டி அனுப்ப வேண்டுமானால், சரக்கின் சுங்கக் குறியீட்டு எண், ஏற்றுமதி அறிக்கை, அந்தப் பக்கத்தில் இறக்குமதி அறிக்கை, மூலநாட்டு உறுதிமொழி எல்லாம் தேவை. ஒரு பெட்டிக்கும் ஒரு கொள்கலனுக்கும் காகிதச் செலவு ஏறத்தாழ ஒன்றே. கொள்கலன் அனுப்புபவருக்கு அது கணக்கிலேயே வராது, பெட்டி அனுப்புபவரின் லாபத்தையே அது தின்றுவிடும். இணையத்தில் நேராக வாங்கும் ஐரோப்பிய வாடிக்கையாளரிடம் கூரியர்காரர் வாசலில் நின்று வாட் வரியும் கையாளும் கட்டணமும் கேட்டார். பலர் வாங்க மறுத்துத் திருப்பி அனுப்பினார்கள். திரும்பி வந்த பாத்திரத்துக்கு மறுபடியும் ஒரு சுங்க அறிக்கை. 2021 ஜூலையில் ஐரோப்பா 22 யூரோவுக்குக் கீழான பொதிகளுக்கு இருந்த வாட் விலக்கையும் நீக்கியதால் ஒற்றைக் கோப்பைகூடத் தப்பவில்லை. லண்டன் பொருளியல் பள்ளியின் ஆய்வாளர்கள் 2024 டிசம்பரில் வெளியிட்ட கணிப்பின்படி, ஐரோப்பிய ஒன்றியத்துக்கு அனுப்பிவந்த 16,400 பிரிட்டிஷ் நிறுவனங்கள் இந்த ஒப்பந்தத்தின் விளைவாக ஏற்றுமதியையே நிறுத்தின. ஏற்றுமதியாளர்களில் இது 14 விழுக்காடு. அடி விழுந்தது முக்கியமாகச் சிறியவற்றின் மேல். பெரிய நிறுவனங்களின் ஏற்றுமதி பெரிதாகக் குறையவில்லை. இது எல்லாத் தொழில்களுக்குமான கணக்கு என்றாலும், சிறு தொழிலகங்கள் நிறைந்த ஸ்டோக்குக்கு அந்தப் படம் நன்றாகவே பொருந்துகிறது.

உள்ளே வரும் பொருள்களுக்கும் விதி மாறியது. மெருகுக்கான கண்ணாடித்தூள், நிறமிகள், ஒட்டுப்படங்கள், அச்சு இயந்திரங்கள் பல ஐரோப்பாவிலிருந்து வருபவை. வேதிப்பொருள்களைப் பதிவு செய்யும் ஐரோப்பாவின் 'ரீச்' முறையிலிருந்து விலகிய பிரிட்டன் அதே பெயரில் தனக்கென ஒன்றை உருவாக்கியது. ஒரே பொருளை இரு இடங்களில் பதிவு செய்ய வேண்டிய அந்த ஏற்பாட்டின் காலக்கெடு பலமுறை தள்ளிப்போனது. கட்டுமானப் பொருள்களான ஓடு, செங்கல் போன்றவற்றுக்கு ஐரோப்பாவின் தர முத்திரையான சிஇ முத்திரைக்குப் பதிலாகப் புதிய பிரிட்டிஷ் முத்திரை என்ற திட்டமும் அதே கதியை அடைந்தது. பல தொழில்களுக்கு சிஇ முத்திரையே காலவரையின்றிச் செல்லும் என்று 2023 ஆகஸ்டில் அரசு அறிவித்தது. புதிய முத்திரைக்காக அதற்குள் செலவழித்தவர்களின் பணம் போனதுதான்.

அயர்லாந்தும் மீண்டும் கதைக்குள் வந்தது. வட அயர்லாந்து பொருள்களுக்கான ஐரோப்பிய விதிகளுக்குள்ளேயே நீடித்ததால், சொந்த நாட்டின் ஒரு பகுதிக்குச் சரக்கு அனுப்பவும் ஐரிஷ் கடலில் ஒரு சுங்கக்கோடு விழுந்தது. பிரிட்டனும் ஐரோப்பிய ஒன்றியமும் 2023 பிப்ரவரியில் செய்துகொண்ட விண்ட்சர் ஏற்பாடு அதை ஓரளவு இளக்கியது. ஆனால் 2024 டிசம்பர் 13 முதல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பாவின் பொதுப் பொருள் பாதுகாப்பு விதி, ஒவ்வொரு பொருளுக்கும் ஐரோப்பிய ஒன்றியத்திலோ வட அயர்லாந்திலோ ஒரு பொறுப்பாளர் இருந்தாக வேண்டும் என்றது. கைவினைக் குயவர்கள் பலருக்கு அப்படி ஒருவரை அமர்த்தும் செலவு, அங்கே விற்பதால் கிடைக்கும் வருமானத்தையே விழுங்கக்கூடியது.

விலகலை ஆதரித்தவர்கள் எதிர்பார்த்த ஒன்று, தன் தொழிலைத் தானே காக்கும் உரிமை. அது கிடைத்தது. 2021 ஜூனில் வணிகத் தீர்வு ஆணையம் நிறுவப்பட்டது. ஐரோப்பாவிடமிருந்து எடுத்து வைத்துக்கொண்ட பொருள்குவிப்புத் தடுப்பு வரிகளை அது ஒவ்வொன்றாக ஆராய்ந்தது. ஆனால் தனியாக நிற்பதற்கு மறுபக்கமும் உண்டு. 2023 பிப்ரவரியில் இந்திய, துருக்கிய ஓடுகள் மீது ஐரோப்பிய ஒன்றியம் புதிய வரி விதித்தபோது அந்தக் கவசத்துக்கு வெளியே பிரிட்டன் இருந்தது. குஜராத்தின் மோர்பியிலிருந்து வரும் ஓடுகள் உலகச் சந்தையில் மலிவானவை. 2025 ஜூலை 24 அன்று இந்தியாவுடன் பிரிட்டன் தடையற்ற வணிக ஒப்பந்தமும் செய்துகொண்டது. ஓட்டுத் தொழிலுக்கும் இந்தியாவுக்கும் இன்னொரு பழைய உறவு இருக்கிறது. தமிழ் வீடுகளிலும் பழகிய ஜான்சன் என்ற ஓட்டுப் பெயர் ஸ்டோக்கில் 1901இல் தொடங்கியது. அதன் இந்திய நிறுவனம் 1958இல் பிறந்து பின்னர் தனியே வளர்ந்தது. ஜான்சனின் டன்ஸ்டல் தொழிலகத்தில் ஓடு செய்வது 2024இல் நின்றுபோனது.

ஸ்டோக்கின் அண்மைய மூடல்களையெல்லாம் பிரெக்ஸிட்டின் தலையில் கட்டுவது சரியல்ல. 1800இல் தொடங்கிய டட்சன் நிறுவனம் 2019 ஏப்ரலில், புதிய விதிகள் வருமுன்பே வீழ்ந்தது. 2021இன் பிற்பகுதியிலிருந்து ஏறி, உக்ரைன் போரோடு உச்சம் தொட்ட எரிவாயு விலை மண்பாண்டத் தொழிலை நேராகத் தாக்கியது. சூளை ஆயிரம் டிகிரிக்கும் மேல் எரிய வேண்டும். அதற்குப் பெரும்பாலும் எரிவாயுதான். அரசு அளித்த உதவியோ பெரிதும் மின்சாரக் கட்டணத்துக்கானது. ராயல் ஸ்டாஃபோர்டு தொழிலகம் 2025 பிப்ரவரியில் மூடப்பட்டது. மூர்கிராஃப்ட் தொழிலகம் ஏப்ரல் 30 அன்று மூடப்பட்டு, நிறுவனரின் பேரன் முயற்சியால் அதே ஆண்டில் மீண்டும் திறக்கப்பட்டது. எரிவாயு விலை உயிரைக் குடித்தது என்றால், வணிக விதிகள் செய்தது தப்பிக்கும் வழியை அடைத்தது. அடக்கவிலை ஏறும்போது புதுச் சந்தை தேடி விற்பனையைக் கூட்டுவது ஸ்டோக்கின் பழைய மருந்து. அருகிலிருந்த பெரிய சந்தை அந்த நேரத்தில்தான் காகிதத்தால் விலகிப் போயிருந்தது. தொலைவிலிருந்த பெரிய சந்தையான அமெரிக்காவும் 2025 ஏப்ரலில் பிரிட்டிஷ் சரக்கு மீது 10 விழுக்காடு கூடுதல் தீர்வை போட்டது.

2025 மே 19 அன்று லண்டனில் பிரிட்டனும் ஐரோப்பிய ஒன்றியமும் மீண்டும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. உணவு, தாவரப் பொருள்களின் எல்லைச் சோதனையைக் குறைப்பது, மீன்பிடி உரிமையை நீட்டிப்பது, இரு பக்கத்துக் கரிம உமிழ்வு வணிக முறைகளை இணைப்பது ஆகியவை அதில் முக்கியமானவை. சூளை வைத்திருப்போருக்குக் கரிம ஏற்பாடு பற்றி மட்டும் அதில் சொல்ல விஷயம் இருந்தது. தட்டுக்கும் கோப்பைக்குமான சுங்க அறிக்கை, மூலநாட்டு உறுதிமொழி, வாசலில் கேட்கும் வாட் வரி எதையும் அது தொடவில்லை.